சட்டை கழற்றாத லிங்கம்

உடுப்பு அழுத்தும் நீராவி இயந்திரம் சீறி அடங்குகிறது. தியாகலிங்கம் வலக்காலால் மிதியை அழுத்தியபடியே இடக்கையால் தன் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார். மேல்பொத்தான் பூட்டியபடி இருக்கிறது. வெளியே, கனடாவின் டோர்செட் பார்க்கில், கடைகளின் வாகனத் தரிப்பிடத்தில், ஜூலை வெயிலுக்குத் தார் இளகிக் கிடக்கிறது. சலவைக் கடையின் பின்னறை அதைவிட மோசம். முதலாளி றொனால்ட் கையில்லாத பெனியனோடு நிற்கிறார். லிங்கமோ மணிக்கட்டு மூடிய நீளக்கைச் சேட்டும் அதற்குள் பெனியனுமாகக் கலியாண வீட்டுக்குப் புறப்பட்டவர் போல இருக்கிறார்.

"லிங்கண்ணை, உந்த மேல் தெறியையாவது கழட்டுங்கோ. பாக்கிற எனக்கு அவியுது."

"நீ பாக்காதை."

"மயங்கி விழுந்தால் அம்புலன்சுக்கு நானெல்லோ அடிக்கோணும்?"

"அடி. சேட்டைக் கழட்டாமல் ஏத்தச் சொல்லிச் சொல்லு."

லிங்கத்துக்கு அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஆறு பேரோடு ஒரு அறையில் படுத்தெழும்பிய காலத்தில் கிடைத்த முதல் வேலை இது. பிறகு வேறு வேலை தேடவில்லை. கொலரை உட்புறமாகத் திருப்பி அழுத்துவார், பிறகு கைகள், உடம்பு கடைசி. பொத்தான் அறுந்திருந்தால் தானே தைத்துவிடுவார், சொல்லமாட்டார். அரைக்கைச் சேட்டு என்றால் அவருக்கு இளக்காரம். "அரைச் சேட்டுக்கு முழுக்காசு வாங்கிறாய் றொனால்ட், நரகத்துக்குத்தான் போவாய்" என்பார். ஆட்களை அழைப்பதைவிட அவர்கள் பெயரால் உடுப்பை அழைப்பது அவருக்குச் சுலபம். வெள்ளிக்கிழமை காலையில் பட்டுக்கரை வேட்டிப் பொதி ஒன்று மேசைக்கு வந்தால், "சிவபாதத்தார் வந்திட்டார், மடிச்சுப்போடுவம்" என்பார். சிவபாதம் ஸ்காபரோவில் ஒரு முருகன் கோயிலின் அறங்காவல் சபைக்காரர். கோயில் உடுப்பெல்லாம் இங்கேதான் வரும்.

லிங்கம் கோயிலுக்குள் போகமாட்டார். யாழ்ப்பாணத்து ஆசாரம் கடல் தாண்டி, பனி தாண்டி இங்கேயும் வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது: ஆண்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சாமி முன்னால் போகவேண்டும். எல்லாம் அறிந்தவர் என்கிற கடவுளுக்கு ஒரு சேட்டுக்குள்ளால் மனிதனைப் பார்க்கத் தெரியாது போலும். பேபியை வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை காருக்குள் வானொலி கேட்டுக்கொண்டிருப்பார் லிங்கம். பேபி அவர் மனைவி. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. கணவனை உள்ளே வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

இதை வைத்து ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. லிங்கம் நாத்திகன். "வெள்ளைச் சேட்டுப் போட்ட கறுப்புச்சட்டை" என்று பட்டம் வைத்தார்கள். பக்கத்திலுள்ள வோபர்னில் பகுத்தறிவுக் கூட்டம் நடத்தும் நண்பர்கள் புளகாங்கிதம் அடைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தலைமை தாங்கவே அழைத்துவிட்டார்கள். மூன்று பேச்சாளர்கள் வேதத்தையும் புராணத்தையும் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். தலைவர் உரைக்கு எழும்பிய லிங்கம், "கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, அது அவற்ற பாடு. எனக்கு விடிய வேலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மண்டபம் கைதட்டியது. அறிவை நம்புகிறவர்களும் ஆளை விசாரிக்காமல் முடிவெடுப்பதுண்டு. ஒரு மனிதன் ஏன் சட்டையைக் கழற்றுவதில்லை என்ற எளிய கேள்வியைக் கோயில்காரரும் கேட்கவில்லை, எதிர்க்கட்சிக்காரரும் கேட்கவில்லை.

கேள்வி ஐரோப்பாவிலிருந்து வந்தது. வீட்டுக்கு வரும் ஆங்கில அழைப்புகள் எல்லாம் மகள் நிலாணியின் காதுக்குள்ளால்தான் லிங்கத்துக்குப் போகும். பள்ளிக்கூடம் போன காலந்தொட்டே அவள்தான் வங்கிக்கும் வைத்தியருக்கும் ரெலிபோன் கொம்பனிக்கும் வீட்டின் வாய். அன்றும் அப்படித்தான். இராச் சாப்பாட்டு நேரம்.

"அப்பா, ஸ்டெபனி எண்டு ஒரு லோயர். யூரோப்பில இருந்து. உங்களைத் தேடிக்கொண்டு இருந்தவவாம்."

"என்னை ஆர் தேடுறது? இன்சூரன்ஸ்காரியாயிருக்கும். வேண்டாம் எண்டு சொல்லு."

நிலாணி வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் குரல் மெல்ல இறங்கியது. "போர் நேரம்... ரைஸ் மில் ஒண்டில உங்களை வைச்சிருந்தவையோ எண்டு கேக்கிறா. உங்களோட அங்க இருந்த ஒராள்தான் பேர் குடுத்தவராம்." பிறகு, "உங்கட முதுகில... அப்பா, வட் இஸ் ஷீ ரோக்கிங் எபவுட்?"

லிங்கம் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நிலாணி தாயைப் பார்த்தாள்.

"அம்மா, யூ நியூ?"

பேபி மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். "தெரியும். கேக்கேல்லை."

"வை நொட்?"

"கேட்டால் அவர் சொல்லோணுமெல்லோ."

விஷயம் இதுதான். வன்னியில் ஒரு அரிசி ஆலையை வதைமுகாமாக்கி நடத்தியவன் ஒருவன், போருக்குப் பிறகு வேறு பெயரில் ஐரோப்பாவுக்குப் போய், ஒரு பொதிக் களஞ்சியத்தில் மேற்பார்வையாளனாக, நல்ல அயலவனாக வாழ்ந்திருக்கிறான். உலகின் எந்த மூலையில் நடந்த போர்க்குற்றத்தையும் தன் மண்ணில் வைத்து விசாரிக்கலாம் என்று சட்டம் எழுதி வைத்திருக்கும் நாடு அது. பிடித்தார்கள், விசாரித்தார்கள், குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு அவன் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் யார் யார் பாதிக்கப்பட்டவர் என்பதை ஒவ்வொருவராக நிரூபிக்கவேண்டும். தியாகலிங்கம் என்று ஒருவரைத் தான் கண்டதேயில்லை என்கிறான் அவன்.

லிங்கத்தின் முதுகில் அந்த ஆலை இருக்கிறது. காய்ச்சிய இரும்புக் கம்பி வைத்த இடங்கள். ஆவியும் சூடும் அவருடைய தொழிலாகிப் போனதை வைத்து யாரும் கவிதை எழுத முற்படவேண்டாம். கிடைத்த வேலை அது. அவ்வளவுதான்.

"காசு வந்தால் என்ன செய்வியள், அண்ணை?" என்று றொனால்ட் ஒருநாள் கேட்டார்.

"உனக்கு ஒரு புதுப் பிரஸ் வாங்கித் தருவன். உது கிழவன் மாதிரி இருமுது."

"பகிடி விடாமல் சொல்லுங்கோ."

லிங்கம் ஒரு சேட்டின் கையைத் தட்டி நிமிர்த்தினார். "உவன் என்னைக் காணேல்லையாம். நான் பொய்யனாம். அவ்வளவு நாளும் நான் அங்க இருக்கேல்லையாம். காசு கிடக்கட்டும் றொனால்ட். நான் அங்க இருந்தனான் எண்டு தீர்ப்பில வரோணும்."

ஸ்டெபனி கேட்டபடி இங்கே ஒரு வைத்தியரிடம் போனார். பேபியையும் உள்ளே விடவில்லை, மகளையும் விடவில்லை. வைத்தியர் படம் எடுத்தார், அளந்தார், எழுதினார். கேட்டதற்கெல்லாம் லிங்கம் ஓம், இல்லை என்று இரண்டு சொல்லிலேயே பதில் சொல்லிவிட்டு, எவ்வளவு கெதியாகச் சேட்டைப் போடலாமோ அவ்வளவு கெதியாகப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த அவசரத்தில் சொல்லாமல் விட்ட ஒன்று பின்னால் காலைப் பிடித்தது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி படங்களை உருப்பெருக்கிப் பார்த்தார். தோள்பட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நாலு தழும்புகள், அளவெடுத்து வைத்தது போல. தமிழ்ச் சைவர்கள் நேர்த்திக்காக முதுகில் கொழுக்கி குத்திக் காவடி ஆடும் வழக்கத்தைப் படங்களோடு தேடியெடுத்து நீதிமன்றத்தில் வைத்தார். இது சித்திரவதை இல்லை, சமயச் சடங்கு என்றார். நாலைக் காட்டி மிச்சம் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிட்டார்.

காவடி எடுப்பதை மூடநம்பிக்கை என்று எத்தனை மேடையிலும் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒருவன் தானே கேட்டுத் தன் தோலில் வாங்கும் முள்ளையும், கட்டி வைத்து இன்னொருவன் வைக்கும் கம்பியையும் ஒரே கூடையில் போடுகிற புத்தி எந்தக் கோயிலிலும் பிறக்காதது. அது மிகப் படித்த புத்தி. பாருங்கள், குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவன் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு இருக்கிறான். சட்டை கழற்றவேண்டியவர் இவர்.

செய்தி சிவபாதத்துக்கும் எட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை வேட்டிப் பொதியோடு அவரே பின்னறைக்குள் வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் அந்தத் திரைச்சீலையைத் தாண்டியது அன்றுதான்.

"லிங்கம், கேள்விப்பட்டன். உமக்கு இப்பிடி ஒரு அநியாயம் நடந்ததெண்டு ஒரு சொல் சொல்லேல்லையே ஐசே."

"என்னத்தைச் சொல்லுறது, அண்ணை."

"சரி விடும். நான் ஒரு சத்தியக்கடதாசி தாறன். கோயில் தலைப்பில, சீல் குத்தி. தியாகலிங்கம் எண்டவர் இருபது வருசமாய்க் கோயில் வாசல் மிதியாத சுத்த நாத்திகன். காவடி என்ன, கற்பூரமே தொட்டு ஒத்தாதவர். அறங்காவல் சபைக்காரன் எழுதித் தாறன் எண்டால் வெள்ளைக்காரன் மறுப்பானோ? முருகனே வந்து சாட்சி சொன்னாலும் இதுக்கு மிஞ்சேலாது!"

றொனால்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணை, கேஸ் முடிஞ்சுது!"

லிங்கம் இயந்திரத்தை நிறுத்தினார். "அது பொய் அண்ணை."

"எது பொய்? நீர் கோயிலுக்கு வாறேல்லைத்தானே?"

"வாறேல்லை. ஆனால் காவடி எடுத்தனான். பத்தொன்பது வயசில ஒருக்கா, அடுத்த வருசம் ஒருக்கா. முதுகில செடில் முள்ளுக் குத்தித்தான்."

சிவபாதம் நெஞ்சில் கை வைத்தார். சித்திரவதைச் செய்தி கேட்டபோது வராத படபடப்பு இப்போது வந்தது. "நீரோ? செடில் காவடியோ? எந்தக் கோயில்? எத்தினை முள்ளு?"

"நாலு. ரெண்டு வருசமும் அதே இடத்தில. சோதனை பாஸ் பண்ணோணும் எண்டு நேர்த்தி. செடில் கயிறு பிடிச்சது என்ர மச்சான், விசரன், இழுத்த இழுவையில கிழிஞ்சு போச்சு. அதுதான் இன்னும் தெரியுது."

"பாஸ் பண்ணினீரோ?"

"ரெண்டு தரமும் பெயில்."

றொனால்ட் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். சிவபாதம் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "லிங்கம், உது ஆருக்குத் தெரியும்? மச்சான் எங்க?"

"இல்லை. செத்திட்டான்."

"பிறகென்ன? வாயை மூடும். நான் எழுதித் தாறன். நீர் சொன்னீர் எண்டால் உம்மட வாயாலயே கேசை அவனுக்கு எழுதிக் குடுக்கிறீர்."

லிங்கம் வேட்டிப் பொதியை அவிழ்த்து, ஒன்றை உதறி மேசையில் விரித்தார். "உவன்தான் பொய் சொல்லுறான், அண்ணை. நானும் சொன்னால் ரெண்டு பொய்யரில ஒருத்தனை நீதவான் எடுக்கோணும்."

சிவபாதம் திரைச்சீலையை விலக்கினார். போகும்போது அவருக்குக் கோபமா, பெருமையா என்று றொனால்டுக்கு விளங்கவில்லை. "காவடி எடுத்தவனைப் போய் நாத்திகன் எண்டு..." என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஸ்டெபனி அழைத்தபோது நிலாணிதான் இடையில் நின்று இரண்டு பக்கமும் சொன்னாள். ஸ்டெபனி எதையும் மறைக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லலாம், ஆனால் அதை அவர்கள் பிடித்துத் தொங்குவார்கள், கோரிக்கை தள்ளுபடியாகவும் கூடும் என்றார். நீதிபதி திரைவழியே அவரையே விசாரிக்க விரும்புகிறார், லிங்கம் சம்மதித்தால் மட்டும் முதுகைப் பார்ப்பார், கட்டாயம் இல்லை.

"அப்பா, யூ டோன்ற் ஹாவ் ரு" என்றாள் நிலாணி, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "வேண்டாம் எண்டால் நான் சொல்லிவிடுறன்."

லிங்கம் பேபியைப் பார்த்தார். பேபி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். "நீர் என்ன சொல்லுறீர்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? முதுகு உங்கட முதுகு."

"அங்க வந்து இருப்பீரோ?"

"லீவு கேட்டு வைச்சிட்டன்" என்றார் பேபி.

விசாரணை ஸ்காபரோவில் ஒரு சட்ட உதவி அலுவலகத்தின் சிறிய அறையில், காலை வேளையில். ஐரோப்பாவில் அப்போது பின்னேரம். மேசையில் திரையும், அதன்மேல் ஒரு கண் போலக் கமெராவும். திரை பல சதுரங்களாகப் பிரிந்திருந்தது. நீதிபதி ஒரு பெண். ஸ்டெபனி ஒரு சதுரத்தில். மொழிபெயர்ப்பாளர் அருள்மலர் இன்னொன்றில். மூலையில் அவன், தலை நரைத்து, கண்ணாடி போட்டு, கழுத்துப்பட்டி கட்டி. லிங்கம் வெகுநேரம் அந்தச் சதுரத்தையே பார்த்தார். பிறகு பேபியின் பக்கம் சரிந்து, "உவற்ற கொலர் ஒழுங்காய் அயன் பண்ணேல்லை" என்றார்.

"சும்மா இருங்கோ."

நிலாணி பின்னால் சுவரோடு ஒரு கதிரையில் இருந்தாள். முதல் தடவையாக அவளுக்கு மொழிபெயர்க்கும் வேலை இல்லை. வெளியே போகவா என்று கேட்டதற்கு லிங்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே இருந்தாள்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சுற்றி வளைக்கவில்லை. வாழ்நாளில் எப்போதாவது காவடி எடுத்ததுண்டா என்று கேட்டார். அருள்மலர் தமிழில் சொன்னார்.

"ஓம்" என்றார் லிங்கம்.

சட்டத்தரணி பேனையைத் திறந்து எழுதினார். முதுகில் கொழுக்கி குத்தியா?

"ஓம். நாலு."

சட்டத்தரணி தனக்கு வேறு கேள்வி இல்லை என்றார். ஸ்டெபனி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மூலைச் சதுரத்தில் இருந்தவன் முதுகை நிமிர்த்திச் சாய்ந்து இருந்தான். நீதிபதி மட்டும் விடவில்லை. நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

லிங்கம் திரையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்த நாலும் நான் விரும்பிக் குத்தினது, அம்மா. குத்தேக்க ஊரே பக்கத்தில நிண்டது. திருநீறு போட்டு விட்டவை. வீட்டை கூட்டிக்கொண்டு போய்க் குடிக்கப் பால் தந்தவை. மிச்சம் உவர் வைச்சது. அதுக்கு என்ர ஆக்கள் ஆரும் பக்கத்தில நிக்கேல்லை. நாலுக்கும் உவரிட்ட நான் ஒண்டும் கேக்கேல்லை. உவர் வைச்சதுக்கு மட்டும் உவர் பொறுப்பெடுக்கட்டும்."

அருள்மலரின் வாய்வழியே ஒவ்வொரு வசனமாக அது அந்த மொழிக்குள் போனது. போய் முடிந்ததும் நீதிபதி கேட்டார்: எவை உங்களுடையவை, எவை அவருடையவை என்று காட்ட உங்களுக்குச் சம்மதமா?

லிங்கம் எழும்பினார். பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினார். சேட்டை மடித்துக் கதிரையின் முதுகில் போட்டார், அதன்மேல் பெனியனை. பின்னால் நிலாணியின் கதிரை ஒரு முறை கிரீச்சிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரைக்கு முதுகு காட்டி நின்றார். பகல் வெளிச்சம் முழுவதும் அதில் விழுந்தது.

தயவுசெய்து அந்த நாலையும் காட்டமுடியுமா என்றது அருள்மலரின் குரல்.

லிங்கம் வலக்கையைத் தோளுக்கு மேலால் பின்னே கொண்டுபோனார். எட்டவில்லை. இடுப்புப் பக்கமாக இடக்கையைக் கொண்டுபோனார். விரல்கள் எங்கோ தட்டின, தவறான ஒன்றில். "உதில்லை" என்றார். மறுபடியும் முயன்றார். கமெராவுக்கு எல்லாத் தழும்பும் ஒரே தழும்பாகத்தான் தெரிந்திருக்கும்.

பேபி கதிரையை விட்டு எழும்பினார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அந்த முதுகை வெளிச்சத்தில் அவர் பார்ப்பது இப்போதுதான். ஆனாலும் அவர் தேடவில்லை, இருட்டில் கைகள் அறிந்த முதுகு அது. கமெராவை மறைக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, காவடி முள் ஏறிய அந்த நாலு இடத்தையும் பொத்திப் பிடித்தார். மிச்சத்தைப் பார்க்க விட்டார்.